மேடையில் டிஜிட்டல் கிட்டார்: மாடலரும் பவர்டு ஸ்பீக்கரும்

மின்கிட்டாரின் ஒலி கம்பியில் பிறந்தாலும் கம்பியோடு முடிவதில்லை. கம்பியின் அதிர்வைப் பிக்அப் எனப்படும் காந்தச் சுருள் மின்சமிக்ஞையாக மாற்றித் தர, அதை ஆம்ப்ளிஃபையர் பெருக்குவதோடு தன் போக்கில் சிதைத்தும் அனுப்ப, கேபினெட் என்னும் மரப்பெட்டிக்குள் பொருத்திய ஒலிபெருக்கி அதைக் காற்றில் எழுப்புகிறது. இந்த மூன்று கட்டங்களும் சேர்ந்ததையே கிட்டார் ஒலி என்று காது பழகியிருக்கிறது. இவற்றுள் நடுக்கட்டத்தையும், பெரும்பாலும் கடைசிக் கட்டத்தையும், கணக்கீட்டால் போலச் செய்யும் கருவியே டிஜிட்டல் ஆம்ப் மாடலர். எவ்வளவு நுட்பமான கணக்காயினும் அது இறுதியில் ஏதேனும் ஓர் ஒலிபெருக்கியின் வழியாகத்தான் காதை அடைய வேண்டும் என்பதால், அந்த ஒலிபெருக்கி எதுவாக இருக்க வேண்டும் என்ற கேள்வி மாடலரோடு கூடவே பிறந்தது. அரங்குகளில் பாட்டுக்கும் பேச்சுக்கும் பயன்படும் பவர்டு ஸ்பீக்கர் போதுமா, பழைய கிட்டார் கேபினெட்டே வேண்டுமா என்பது கிட்டார் கலைஞர்களிடையே இன்னும் தீராத வழக்கு.

வழக்கைப் புரிந்துகொள்ளக் கிட்டார் ஒலிபெருக்கி எத்தகையது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மின்கிட்டார் 1930களில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தபோது அதற்கென்று தனி ஒலிபெருக்கி எதுவும் இருக்கவில்லை. வானொலிப் பெட்டிகளுக்கும் திரையரங்குகளுக்கும் செய்யப்பட்ட வகைகளே கைக்குக் கிடைத்தன. 1950களில் ஃபெண்டர் நிறுவனம் தன் ஆம்ப்ளிஃபையர்களில் ஜென்சன் ஒலிபெருக்கிகளைப் பொருத்தியது. 1960களில் இங்கிலாந்தில் மார்ஷலும் வாக்ஸும் செலஷன் நிறுவனத்தின் 12 அங்குல ஒலிபெருக்கிகளைப் பயன்படுத்தின. காகிதக் கூம்பு கொண்ட இவ்வகை ஒலிபெருக்கி ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸ் முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை மட்டுமே வலுவாக ஒலிக்கும். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் அதன் ஒலி மேடாக எழுந்து, 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் செங்குத்தாகச் சரிந்துவிடும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது என்பதோடு ஒப்பிட்டால் இது குறையுள்ள கருவி; ஆனால் அந்தக் குறையே கிட்டாருக்கு வாய்த்த வரமாயிற்று.

காரணம், சிதைவு. ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் உந்தும்போது சமிக்ஞையின் முகடுகள் வெட்டுப்பட்டு, வாசித்த சுரத்தின் மடங்குகளான மேற்சுரங்கள் ஏராளமாகப் பிறக்கின்றன. கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82 ஹெர்ட்ஸிலும், 24ஆம் கட்டையில் வாசிக்கும் மிக உயர்ந்த சுரம் ஏறத்தாழ 1,319 ஹெர்ட்ஸிலும் ஒலிப்பவை. இந்தச் சிறிய வரம்புக்குள் எழும் சுரங்களின் மேற்சுரங்களோ 10,000 ஹெர்ட்ஸையும் தாண்டிப் பரவுகின்றன. அவற்றை வடிகட்டாமல் கேட்டால் வண்டு பறப்பது போன்ற இரைச்சலே மிஞ்சும். கிட்டார் ஒலிபெருக்கி அந்த இரைச்சலை ஒலிக்க இயலாமல் விட்டுவிடுவதால், கரடுமுரடான சிதைவு கெட்டியான, பாடும் ஒலியாகக் காதை அடைகிறது. ஒலிபெருக்கியும் வாத்தியத்தின் ஓர் உறுப்பே என்பதற்கு, கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் தன் ஒலிபெருக்கியின் கூம்பைச் சவரக்கத்தியால் கீறி அதன் கிழிந்த ஒலியை ஒரு புகழ்பெற்ற பாடலில் பதிவு செய்ததைக் காட்டிலும் நேரடியான சான்று தேவையில்லை.

ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் அதன் ஒலியைப் பெறும் முயற்சி, எண்முறைக் கணிப்புக்கு முந்தியது. பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் 1982இல் வெளியிட்ட ராக்மேன், இடுப்பில் செருகிக்கொண்டு ஹெட்ஃபோனில் கேட்கத் தக்க சிறு பெட்டி. 1989இல் வந்த சான்ஸ்ஆம்ப், ஒலிப்பதிவு மேசைக்கு நேராகச் செல்லும் அனலாக் மிதிகருவி. எண்முறைக் கணிப்பை 1995இல் ரோலண்ட் நிறுவனத்தின் வி.ஜி.8 மேடைக்குக் கொண்டுவந்தது. 1998இல் லைன் 6 நிறுவனம் சிவப்பு மொச்சைக்கொட்டை வடிவில் வெளியிட்ட பாட் அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. 2006இல் ஃப்ராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011இல் ஜெர்மனியின் கெம்பர் ப்ரொஃபைலர், 2015இல் லைன் 6 ஹீலிக்ஸ், அதன்பின் ஹெல்சிங்கியின் நியூரல் டி.எஸ்.பி. உருவாக்கிய குவாட் கார்டெக்ஸ் என இந்த வரிசை நீண்டது. ஆனால் ஆம்ப்ளிஃபையரைப் போலச் செய்வதில் கண்ட முன்னேற்றத்துக்கு இணையாக ஒலிபெருக்கி பற்றிய சிந்தனை வளரவில்லை. மாடலரில் பெருந்தொகை செலவிட்டவர்கள்கூட அதைக் கையில் கிடைத்த ஒலிபெருக்கியில் செருகிவிட்டு, ஒலி சரியில்லை என்று மாடலரைப் பழித்தார்கள்.

இன்றைய மாடலர்கள் கேபினெட்டைப் போலச் செய்யப் பெரும்பாலும் கையாளும் வழி இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐ.ஆர். ஒரு வெற்றுக் கூடத்தில் கையைத் தட்டினால் திரும்பி வரும் எதிரொலி அந்தக் கூடத்தின் இயல்பைச் சொல்லிவிடுவது போல, ஒரு கேபினெட்டுக்குள் மிகக் குறுகிய துடிப்பை, அல்லது அதற்குச் சமமான சோதனை ஒலியைச் செலுத்தி, முன்னால் வைத்த மைக் பதிவு செய்வதை எண்வரிசையாகச் சேமித்துக்கொள்கிறார்கள். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் 2,048 மாதிரிகள் கொண்ட ஐ.ஆர். ஏறத்தாழ 43 மில்லிநொடி நீளமே உடையது. அந்தச் சிறு எண்வரிசையோடு கிட்டாரின் சமிக்ஞையைக் கணித முறையில் இணைத்தால், அந்தக் கேபினெட்டில் வாசித்து அந்த மைக்கில் பிடித்தது போன்ற ஒலி கிடைக்கிறது. கூம்பு தன் எல்லையில் நெளிவதையும் மிகுந்த ஒலியில் அழுந்துவதையும் ஐ.ஆர். பிடிப்பதில்லை என்பது உண்மை; எனினும் கேட்பவரைக் குழப்புவது அந்தச் சிறு குறை அன்று, மைக் என்ற சொல்லைப் பலரும் கவனியாமல் கடந்துவிடுவதே.

ஐ.ஆர். தருவது கேபினெட்டின் ஒலி மட்டுமன்று. கேபினெட்டும், அதன் துணிக்கு ஓரிரு அங்குல தூரத்தில் வைத்த மைக்கும், அந்த மைக் கூம்பின் நடுவை நோக்கியதா ஓரத்தை நோக்கியதா என்பதும் சேர்ந்த ஒலி. கிட்டார் பதிவுகளில் மிகுதியும் பயன்படும் ஷூர் எஸ்.எம்.57 மைக், அருகில் வைத்தால் கீழ்ச்சுரங்களைப் பெருக்குவதும் 5,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை உயர்த்துவதும் ஒலிப்பதிவாளர்கள் நன்கறிந்த இயல்புகள். இசைத்தட்டுகளில் கேட்டுப் பழகிய கிட்டார் ஒலி இதுவே; ஆனால் மூன்று மீட்டர் தள்ளி நின்று, காலோடு காற்று மோத, ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வாசிப்பவர் கேட்கும் ஒலி இதுவன்று. ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் கேட்பதை மாடலர் தருகிறது; கண்ணாடிக்கு இப்பால் வாசிப்பவர் தனக்குக் கேட்டதை எதிர்பார்க்கிறார். பவர்டு ஸ்பீக்கர் மீது சுமத்தப்படும் குற்றங்களில் பெரும்பகுதி இந்த இடமாறாட்டத்தால் விளைந்தவை.

பவர்டு ஸ்பீக்கர் என்பது ஆம்ப்ளிஃபையரைத் தன் பெட்டிக்குள்ளேயே கொண்ட முழு வரம்பு ஒலிபெருக்கி. வழக்கமான அமைப்பில், கீழ் அதிர்வெண்களுக்கு 10 அல்லது 12 அங்குலக் கூம்பும், மேல் அதிர்வெண்களுக்குக் குழல் வாய் கொண்ட சிறு டிரைவரும், இவற்றுக்கிடையே சமிக்ஞையைப் பங்கிடும் கிராஸ்ஓவர் என்ற சுற்றும் இருக்கும். கிட்டார் உலகம் இதற்கு எஃப்.ஆர்.எஃப்.ஆர். என்று பெயரிட்டிருக்கிறது: ஃபுல் ரேஞ்ச், ஃப்ளாட் ரெஸ்பான்ஸ், அதாவது முழு வரம்பையும் ஏற்றத்தாழ்வின்றி ஒலிப்பது. பெயரின் முதல் பாதி ஏறக்குறைய உண்மை. இரண்டாம் பாதி பல சமயம் விளம்பரம். ஒலிப்பதிவுக் கூடத்து மானிட்டருக்குரிய சமநிலையை மேடைக்கான பெட்டியில் எதிர்பார்ப்பது முறையன்று. அதன் ஒலிப்பு வரைபடத்தில் சில டெசிபல் மேடு பள்ளங்கள் இயல்பு; போதாததற்குக் குறைந்த ஒலியளவில் கீழ்ச்சுரத்தை ஊதிக் காட்டும் முன்னமைப்புகளும், பேச்சுக்கு, நடனத்துக்கு என்று பின்பக்கத்தில் பொத்தான்களும் இருக்கும். அவற்றை அணைத்து நடுநிலையில் வைக்காமல் ஒலியை மதிப்பிடுவது, சாய்ந்த தராசில் நிறுப்பதற்கு ஒப்பாகும்.

சமநிலையைவிடவும் குறைவாகப் பேசப்படுவது ஒலி பரவும் கோணம். 12 அங்குலக் கூம்பு ஒன்று, ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் ஒலியை எல்லாப் பக்கமும் பரப்பாமல் கற்றையாக நேர்முன்னே வீசத் தொடங்குகிறது. ஆகவே கிட்டார் கேபினெட்டின் நேர் எதிரே காதை வைப்பவர் கூர்மையான ஒலியையும், பக்கவாட்டில் நிற்பவர் மங்கிய ஒலியையும் கேட்கிறார். தரையில் உள்ள கேபினெட்டுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று வாசிப்பவரின் காது அந்தக் கற்றைக்கு மேலே இருப்பதால், அவர் ஆண்டுக்கணக்கில் மென்மையாகக் கேட்டதெல்லாம் உண்மையில் முழங்காலை நோக்கிப் பாய்ந்த ஒலியின் ஓரப்பகுதியே. பவர்டு ஸ்பீக்கரின் குழல் வாயோ மேல் அதிர்வெண்களை 90 பாகை அளவு அகலமாகப் பரப்பும்படி வடிவமைக்கப்பட்டது. மேடையில் எந்த இடத்தில் நின்றாலும் ஏறத்தாழ ஒரே ஒலி கேட்பது அதன் நற்பண்பு. ஆனால் பழைய கேபினெட்டின் மறைப்பில் வாழ்ந்த காதுக்கு அந்த நேர்மை கடுமையாகத் தோன்றுகிறது. மேலும், கூம்பும் குழலும் தம்முள் கைமாற்றிக்கொள்ளும் எல்லை பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி, கிட்டாரின் குரல் துலங்கும் இடத்திலேயே விழுவதால், பெட்டிக்கு மிக அருகில் அமர்ந்து கேட்பவருக்கு இரண்டும் ஒட்டாமல் இரு வேறு ஒலிகளாகப் பிரிந்து கேட்கலாம். ஓரிரண்டு மீட்டர் தள்ளிச் சென்றால் தீரும் குறை இது.

இனி, எல்லாவற்றிலும் பெரிய காரணம் காதிலேயே இருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு, காதின் உணர்திறன் ஒலியளவுக்கேற்ப மாறுகிறது என்பதை அளந்து காட்டியது: மெல்லிய ஒலியில் கீழ் அதிர்வெண்கள் காதுக்குப் பெரிதும் குறைந்தும், ஒலி உயர உயர அவை நடு அதிர்வெண்களுக்கு இணையாக எழுந்தும் கேட்கின்றன. உச்ச அதிர்வெண்களிலும் இத்தகைய மாற்றம், சிறிய அளவில், உண்டு. இரவில் வீட்டில் ஹெட்ஃபோன் அணிந்து, மாடலரில் கீழ்ச்சுரத்தையும் மேற்சுரத்தையும் தாராளமாக ஏற்றி இனிமையான ஒலி ஒன்றை அமைத்துக்கொள்பவர், மறுநாள் 100 டெசிபலைத் தொடும் மேடையில் அதே அமைப்பை ஒலிக்கவிட்டால், கீழ்ச்சுரம் குமுறிக்கொண்டும் மேற்சுரம் ஊசியாய்க் குத்திக்கொண்டும் வெளிவருவதில் வியப்பில்லை. பழைய ஆம்ப்ளிஃபையரில் இந்தச் சிக்கல் எழவில்லை. ஏனெனில் அதன் திருகுகளை எல்லோரும் மேடை ஒலியளவில் மேடையில் நின்றுதான் திருப்பினார்கள். ஆகவே மாடலரின் அமைப்புகளை எந்த ஒலியளவில் வாசிக்கப்போகிறோமோ அந்த ஒலியளவில், டிரம்ஸும் பேஸும் உடன் ஒலிக்கும்போது திருத்த வேண்டும் என்பது, எத்தனை விலையுயர்ந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் தவிர்க்க முடியாத வேலை. அனுபவமுள்ளவர்கள் 80 முதல் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழும், 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுவது பழக்கம். கிட்டார் ஒலிபெருக்கி இயற்கையாகச் செய்து வந்ததைக் கையால் செய்வதே இது.

வாட் கணக்கில் நடக்கும் ஏமாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். 50 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர் மேடையை அதிரவைக்க, 2,000 வாட் என்று அச்சிட்ட பவர்டு ஸ்பீக்கர் அதற்கு ஈடுகொடுக்கத் திணறுவதைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். செலஷன் வின்டேஜ் 30 போன்ற கிட்டார் ஒலிபெருக்கி ஒரு வாட் ஆற்றலில் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் தருவது. 50 வாட் தந்தால் அது 117 டெசிபலை எட்டும். முழு வரம்பு ஒலிபெருக்கியின் கூம்பு 95 டெசிபல் தருவதாகக் கொண்டால், அதே 117ஐ எட்ட ஏறத்தாழ 160 வாட் வேண்டும். அதுவும் தொடர்ச்சியாகத் தரும் வாட்டாக இருக்க வேண்டும், கணநேர உச்சத்தைக் குறிக்கும் விளம்பர வாட்டாக அன்று. ஆற்றல் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபலே. காதுக்கு இருமடங்கு உரத்ததாகத் தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் தேவை. வாட்டைப் பார்த்து வாங்குவதைவிட, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் உள்ள உச்ச ஒலியழுத்த டெசிபலையும் அது எவ்வாறு அளக்கப்பட்டது என்பதையும் பார்த்து வாங்குவது பயன் தரும்.

மறுதரப்பின் வழி, மாடலரின் கேபினெட் கணிப்பை அணைத்துவிட்டு, தனி பவர் ஆம்ப்ளிஃபையர் ஒன்றின் வழியாக உண்மையான கிட்டார் கேபினெட்டை இயக்குவது. காற்றை உந்தும் அந்தப் பழைய உணர்வு இதில் முழுமையாகக் கிடைக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மாடலரில் எத்தனை கேபினெட்டுகள் இருந்தாலும் ஒலிப்பது அந்த ஒரே கேபினெட்தான். ஒலியியல் கிட்டாரின் ஒலியையும் அது பாழாக்கிவிடும். பார்வையாளருக்கு மிக்ஸர் வழியே செல்லும் ஐ.ஆர். ஒலியும் வாசிப்பவர் கேட்கும் ஒலியும் வெவ்வேறாகிவிடும். இங்கே அடிக்கடி நேரும் பிழைகள் இரண்டு: ஐ.ஆரை அணைக்காமல் கிட்டார் கேபினெட்டில் செருகினால் ஒலி இருமுறை வடிகட்டப்பட்டுப் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மங்கும், ஐ.ஆர். இல்லாமல் பவர்டு ஸ்பீக்கரில் செருகினால் முன்னர்ச் சொன்ன வண்டின் இரைச்சல் எழும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி காணும் முயற்சிகள் 2018 முதல் பெருகின. அவ்வாண்டு லைன் 6 வெளியிட்ட பவர்கேப், முழு வரம்பு ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு பெயர்பெற்ற கிட்டார் ஒலிபெருக்கிகளின் இயல்பை, இடையில் மைக் இல்லாமல், தன்னுள்ளேயே கணித்துத் தருவது. செலஷனின் எஃப்12-எக்ஸ்200, கிட்டார் ஒலிபெருக்கியின் உருவத்தில் 60 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கிறது. கெம்பருக்காக அதே நிறுவனம் செய்த கோன், தனிக் குழல் இல்லாத ஒற்றை 12 அங்குலக் கூம்பு. 2023இல் ஃபெண்டர் கொண்டுவந்த எஃப்.ஆர்.12இல் ஆம்ப்ளிஃபையர் போலவே கீழ், நடு, மேல் சுரத் திருகுகளும், உச்ச அதிர்வெண்களை வெட்டும் திருகும் முகப்பிலேயே உள்ளன. கிட்டார் கலைஞருக்கு வேண்டியது கலப்பற்ற சமநிலை அன்று, கைக்கு எட்டும் திருகு என்பதை உற்பத்தியாளர்களே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

தமிழ்நாட்டு மெல்லிசை மேடைக்கு இந்த வழக்கு சற்று அந்நியமானது. அங்கே கிட்டார் வாசிப்பவர் தன் எஃபெக்ட்ஸ் பெட்டியை நேராக மிக்ஸரில் செருகி, காலடியில் சாய்த்து வைத்த மானிட்டரில் தன்னைக் கேட்டுக்கொள்வது நெடுநாள் பழக்கம். அந்த மானிட்டரும் முழு வரம்பு ஒலிபெருக்கியே. கேபினெட்டின் மறைப்பில் வளராத காதுக்கு அதை இழந்த ஏக்கமும் இல்லை.

பயன்பாட்டு நுணுக்கங்களில் சிலவே முக்கியமானவை. மாடலரின் எக்ஸ்.எல்.ஆர். வெளியீட்டை ஸ்பீக்கரின் மைக் உள்ளீட்டில் அல்லாமல் லைன் அளவில் செருக வேண்டும். இல்லையெனில் ஸ்பீக்கரின் முன்பெருக்கி தேவையற்ற சிதைவைச் சேர்க்கும். தரை இணைப்புச் சுழற்சியால் எழும் ரீங்காரத்தை மாடலரில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் பெரும்பாலும் நீக்கும். மின்கம்பியின் எர்த் முனையை ஒடிப்பது உயிருக்கு ஆபத்தான மாற்று. பெட்டியைத் தரையில் கிடத்தினால் கீழ்ச்சுரம் பெருகும், கம்பத்தில் ஏற்றினால் குறையும். எனவே ஒரு நிலையில் அமைத்த ஒலியை மற்றொரு நிலையில் மீண்டும் திருத்த வேண்டும். தாமதம் பற்றிய அச்சம் பெரும்பாலும் மிகை: ஒலி காற்றில் ஒரு மில்லிநொடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்வதால், மூன்று மீட்டர் தள்ளி நிற்பவர் ஏற்கெனவே 9 மில்லிநொடித் தாமதத்தோடுதான் வாசிக்கிறார், மாடலர் சேர்க்கும் சில மில்லிநொடிகள் அதைவிடக் குறைவு.

பல வகை ஆம்ப்ளிஃபையர் ஒலிகளை ஒரே நிகழ்ச்சியில் மாற்றி மாற்றிக் கையாள்பவருக்கும், தான் கேட்பதையே அரங்கும் கேட்க வேண்டும் என்று விரும்புபவருக்கும் தரமான 12 அங்குல பவர்டு ஸ்பீக்கரே பொருத்தம். ஒரே ஆம்ப்ளிஃபையர் ஒலியை நம்பி, அதைக் காலில் உணர்ந்து வாசிப்பவர் கிட்டார் கேபினெட்டைக் கைவிட வேண்டியதில்லை. எதை வாங்குவதாயினும், கடையில் மெல்ல ஒலிக்கவிட்டுத் தீர்மானிக்காமல், ஒரு மாலை முழுதும் தன் குழுவோடு ஒத்திகையில் வாசித்துப் பார்த்தபின் பணம் கொடுப்பது நல்லது.